'அமோர்' படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா?

அரைத்தூக்கம்:
மிகையேல் ஹனேக்கேயின் 'அமோர்' (2012) பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. அப்பாவுக்கு 76. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது பக்கம் வராது, பேச்சும் குழறல். எல்லாம் அப்பாதான் பார்க்கிறார். நான் மாதம் ஒருமுறை போய் வருகிறவள். போன தடவை அம்மா மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முறை அப்பா அவள் கையில் பட்டென்று அடித்துவிட்டார். அப்புறம் அவரே துண்டை நனைத்து வந்து தாடையைத் துடைத்தார். என் முகத்தை மட்டும் அன்று முழுக்கப் பார்க்கவில்லை.

படத்தில் முதியவர் ஜார்ஜ், பக்கவாதம் வந்த தன் மனைவி ஆனுக்குத் தண்ணீர் புகட்டுவதும் இதேதான். அவள் துப்புகிறாள், அவர் அறைகிறார், உடனே மன்னிப்புக் கேட்கிறார். 'நான் மட்டும் இல்லை' என்று அப்பாவுக்கு ஆறுதலாக இருக்காதா?

கடைசி ரீல்:
போடாதீங்க! முடிவில் ஜார்ஜ் ஆனைத் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிடுகிறார். (படம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு, கதையைச் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.) எனக்குப் பிடித்தது குழாய் காட்சி. சாப்பாட்டு மேஜையில் ஆன் திடீரென்று உறைந்துபோகிறாள். ஜார்ஜ் குழாயை மூடாமலே உடை மாற்றப் போகிறார். உள்ளே இருக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. பின்னணி இசை எதுவும் கிடையாது, அந்த நிசப்தம்தான். ஆனாக நடித்த எமானுவேல் ரிவாவுக்கு இந்தப் படத்துக்காக 85 வயதில் ஆஸ்கர் பரிந்துரை. விழா நடந்தது அவருடைய 86வது பிறந்தநாளில். விருதை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய கைத்தடி:
அம்மா, நான் நான்கு வருடம் என் வீட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டவன். இந்தப் படத்தை அவள் போன பிறகுதான் பார்த்தேன், அதுவும் இரண்டு தவணையில். நானும் அடித்திருக்கிறேன், ஒரு முறை. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது வேறு இடம். வீல்சேரிலிருந்து ஆனை நாற்காலிக்கு மாற்றுகிறாரே, அது. கட்டிப்பிடித்து நிமிர்த்தி, சின்னச் சின்ன எட்டாக நகர்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும். செய்கிறவனுக்குத்தான் தெரியும்: வராத காலின் முட்டி மடங்காமல் நம் முட்டியால் முட்டுக்கொடுக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், கையைப் பிடித்து இழுத்தால் தோள் போய்விடும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒரு நாளைக்கு இத்தனை தடவை கட்டிப்பிடித்ததில்லை.

உங்கள் அப்பாவுக்கு வேண்டியது படம் இல்லை, தூக்கம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்வார்கள். அது ராத்திரிக்கும் சேர்த்துத்தான். இரண்டு வருடக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் துப்பல். பக்கவாதத்தில் விழுங்குவதே பாதிக்கப்படலாம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் அதையும் சோதிப்பார்கள், சிலருக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித் தரச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பொடிக்காதீர்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. அடம் பிடிக்கிறாள் என்று நினைத்துத்தான் நானும் கை நீட்டினேன்.

கோபப்படாதீர்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படத்தில் மகள் வருகிறாள், அழுகிறாள், அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறாள், போய்விடுகிறாள். உன் கவலையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறார் ஜார்ஜ்.

அரைத்தூக்கம்:
ஐயா, கடைசிப் பத்தியை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. சரி, வெள்ளிக்கிழமை போகிறேன், இந்த முறை பத்து நாள். அம்மாவைத் தூக்கும்போது என் எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும்?

பழைய கைத்தடி:
அதை அப்பாவிடமே கேளுங்கள் அம்மா. அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.