செம்பருத்தியில் மாவுப்பூச்சி: மருந்து அடிக்க அடிக்கக் கூடுகிறது, என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். வாசலில் நான்கு செம்பருத்திச் செடிகள் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்பு ஒன்றின் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. மாவுப்பூச்சி என்று தெரிந்துகொண்டு சைபர்மெத்ரின் வாங்கி அடித்தேன். பத்து நாள் அடங்கியது, அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. இப்படி மூன்று முறை அடித்தாயிற்று. இப்போது நான்கு செடியிலும் இருக்கிறது. நுனி இலைகள் சுருண்டு நிற்கின்றன, மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன, கீழ் இலைகளில் கரி பூசியதுபோல் கறுப்பு.

இதோடு எறும்புத் தொல்லை வேறு. புல்தரையிலிருந்து ஒரு வரிசை செடிக்கும் இன்னொரு வரிசை சமையலறை ஜன்னலுக்கும் போகிறது. ஜன்னலோரம் ஸ்பிரே அடித்தால் மறுநாள் வேறு வழியில் வருகின்றன. வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் இனியும் அடிக்கப் பயமாக இருக்கிறது. இதைவிட வலுவான மருந்து இருக்கிறதா, இல்லை செடிகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதானா? அம்மா கையால் நட்ட செடிகள், மனசு வரவில்லை.

பதில் 1

பிடுங்க வேண்டாம், வலுவான மருந்தும் வேண்டாம். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடும். அதன்மேல் வளர்கிற பூசணம்தான் அது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். எறும்புகள் செடிக்கு வருவதும் அந்த இனிப்புக்காகத்தான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன உரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை? கிளைகள் எதுவும் சுவரில் உரசுகின்றனவா? வெள்ளையாகத் தெரிகிறவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

கேட்டவர்

செடி வாடுகிறதே என்று 15 நாளைக்கு ஒருமுறை யூரியா போடுகிறேன். இரண்டு கிளைகள் சுவரில் உரசுகின்றன. பூச்சிகளில் பெரும்பாலானவை அரிசியைவிடச் சிறியவை, கூட்டமாக அசையாமல் இருக்கின்றன. சில மட்டும் பெரியவை. உடம்பெல்லாம் நீளநீளமாக வெள்ளை இழைகள், குச்சியால் தொட்டால் வேகமாக ஓடுகின்றன. முற்றிய மாவுப்பூச்சி என்று நினைத்து நேற்று மட்டும் இருபது முப்பது நசுக்கினேன்.

பதில் 2

அந்தப் பெரியவற்றைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்றே வளர்பவை. இரையைப் போலவே மெழுகு இழைகளைச் சுமந்து திரிவதால் ஏமாறாதவர்கள் குறைவு, நானும் ஒரு காலத்தில் இவற்றை நசுக்கியிருக்கிறேன். அடையாளம் எளிது: மாவுப்பூச்சி 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், மெதுவாக ஊரும். இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், தொட்டால் ஓடும். வளர்ந்த வண்டு கறுப்பாக, தலையும் பின்முனையும் ஆரஞ்சாக இருக்கும்.

மருந்து அடிக்க அடிக்கக் கூடியதற்கும் இதுவே காரணம். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பை. ஒரு பையில் சில நூறு முட்டைகள் இருக்கும், மருந்து உள்ளே சரியாகப் போகாது. திறந்த வெளியில் நடமாடும் பொறிவண்டும் சிலந்தியும்தான் முதலில் சாகின்றன. பிறகு பொரிகிற குஞ்சுகளைத் தின்ன ஆளே இல்லை.

இது பழைய பாடம். 1880களின் கடைசியில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற ஒரு செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிட்டது. 1940களில் அதே தோட்டங்களில் டிடிடி அடித்தபோது வண்டுகள் செத்தன, செதில்பூச்சி திரும்பி வந்தது.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் சாறு நிறைந்த இளந்தளிர்கள் வரும், உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

பதில் 3

வேர்ப்பகுதியில் இமிடாகுளோப்ரிட் ஊற்றினால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடுமே? எனக்குப் பலன் கொடுத்தது.

பதில் 2

மாவுப்பூச்சி குறைவது உண்மைதான். ஆனால் அந்த மருந்து செடி முழுக்கப் பரவி பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது. செம்பருத்திக்குத் தேனீ வரும். இத்தனை எளிய வழிகள் மிச்சமிருக்கும்போது அதைத் தொட எனக்கு மனம் ஒப்பாது.

கேட்டவர்

படிக்கும்போதே நெஞ்சு பதறிவிட்டது. இன்று காலை போய்ப் பார்த்தேன், ஓடுகிற புழு ஏழு மீதம் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில் 1

எறும்பிலிருந்து. இனிப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பதும் பொறிவண்டை விரட்டுவதும் அவைதான். சுவரில் உரசும் கிளைகளை வெட்டுங்கள். தண்டைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, அதன்மேல் பிசின் தடவுங்கள். பட்டையில் நேரடியாகப் பிசின் படக்கூடாது.

ஸ்பிரே உணவு தேடி வந்த எறும்பைத்தான் கொல்லும், ராணி புற்றில் பத்திரமாக இருக்கும். அதனால் இரை வையுங்கள்: 100 மில்லி தண்ணீர், 20 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். "இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே" என்று கூட்டிவிடாதீர்கள். கூடினால் எறும்பு புற்றுக்குக் கொண்டுபோகும் முன்பே வழியில் செத்துவிடும். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். குழந்தை இருப்பதால் இதை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். வெளியே, சிறு துளையிட்டு இறுக மூடிய டப்பாவில், குழந்தைக்கும் செல்லப்பிராணிக்கும் எட்டாமல் வையுங்கள். சமையலறையில் எறும்பு போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஜன்னல் இடுக்கை அடைத்தால் போதும்.

செடியில் மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றதைக் குழாய்த் தண்ணீர் வேகத்தில் அடித்துக் கழுவுங்கள். பிறகும் மிச்சமிருந்தால், செடிக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்பை லேபிளில் உள்ள அளவில் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். துணி துவைக்கும் தூள் இலையைக் கருக்கிவிடும். சோப்பு ஈரமாக மேலே பட்டால்தான் கொல்லும், காய்ந்தால் வேலை செய்யாது. ஆகவே மெழுகு இல்லாத இளங்குஞ்சுகளைப் பிடிக்க வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தெளிக்க வேண்டும். புழு தெரிகிற கிளையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேட்டவர் (ஆறு வாரம் கழித்து)

எறும்பு வரிசை மூன்றாவது வாரம் மெலிந்து, பிறகு நின்றது. சமையலறைக்குள்ளும் வருவதில்லை. மூன்று செடிகள் புதுத் தளிர் விட்டிருக்கின்றன. நான்காவதைப் பாதிக்குமேல் வெட்ட வேண்டியதாயிற்று, ஆனாலும் அடியில் துளிர்க்கிறது. மாவுப்பூச்சி அங்கங்கே இன்னும் இருக்கிறது. ஆரஞ்சுத் தலை வண்டு நேற்று நான்கு எண்ணினேன், ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷம். இன்னொன்று மட்டும்: புல்தரையில் சின்னச் சின்ன எறும்புப் புற்றுகள் தெரிகின்றன. அங்கே குருணை மருந்து தூவட்டுமா?

பதில் 2

வேண்டாம். கடிக்காத எறும்பு என்றால் புல்லுக்குக் கெடுதல் இல்லை, மண்ணையும் இளக்கிவிடும். குருணை தூவினால் மண்ணில் வாழும் இரைகொல்லி வண்டுகளும் சிலந்திகளும் போய்விடும். புற்று மண்ணைத் துடைப்பத்தால் பரப்பிவிடுங்கள், புல்லை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். அங்கங்கே மிச்சமிருக்கும் மாவுப்பூச்சியும் இருக்கட்டும், அந்த நான்கு வண்டுக்கும் சாப்பாடு வேண்டுமே. வாரம் ஒருமுறை நுனிகளைப் பாருங்கள். எறும்பு மறுபடி ஏறினால் அன்றைக்கே நாடாவை மாற்றுங்கள்.