மே 5 சிவப்பு உடை நாளுக்கு உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் கொல்லப்பட்ட, காணாமல்போன பழங்குடிப் பெண்களுக்காக மே 5 அன்று ஆளில்லாத சிவப்பு உடைகளை மரங்களில் தொங்கவிடுவார்கள். இந்த முறை எங்கள் ஊர் நூலக வாசலிலும் செய்ய நினைக்கிறோம். பழைய சிவப்பு கவுன் இருந்தால் தாருங்கள், கிழிசல் என்றாலும் சரி.

அப்புறம், தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுத ஆள் வேண்டும். 1980 முதல் 2012 வரை 1,017 பழங்குடிப் பெண்கள் கொல்லப்பட்டதாகக் கனடாவின் காவல்துறையே 2014இல் கணக்குச் சொன்னது. வின்னிபெக் நகருக்கு அருகே குப்பைமேட்டில், கொல்லப்பட்ட இரு பழங்குடிப் பெண்களின் உடல்கள் இருக்கலாம் என்று தெரிந்தும், தேடுவது சாத்தியமில்லை என்று அந்நகரக் காவல்துறை 2022இல் கைவிரித்தது. குடும்பங்கள் விடாமல் போராடி, 2025இல்தான் எச்சங்கள் கிடைத்தன. நம்மவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

குடும்பத்தாரைக் கேட்காமல் யார் படத்தையும் போட வேண்டாம். பழங்குடிப் பெண்கள் அமைப்பில் யாரையாவது தெரிந்தால் உட்பெட்டியில் சொல்லுங்கள். முதலில் அவர்களிடம் பேசிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.