மார்னர் போய்விட்டார்: மேப்பிள் லீஃப்ஸ் இனிக் கலைத்துக் கட்டவேண்டுமா?

வோர்டன்_வடக்கு

2025 ஜூலை பிறந்ததும், எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மிட்ச் மார்னர் லாஸ் வேகஸ் அணிக்காரர் ஆகிவிட்டார். எட்டு வருட ஒப்பந்தம், 96 மில்லியன் டொலர். 2024-25 சீசனில் 102 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த ஆட்டக்காரரைக் கொடுத்து நாங்கள் வாங்கியது நிக்கலா ருவா ஒருவரை. மார்னர் ஒப்பந்தம் முடிந்து சும்மாவே போகவிருந்த நேரம் என்பதால் அதுவும் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் 2014-இல் நைலாண்டர் எட்டாம் தெரிவு, 2015-இல் மார்னர் நான்காம் தெரிவு, 2016-இல் கடைசி இடத்தில் முடித்து, கீழே முடித்த அணிகளுக்குத் தெரிவு வரிசை பிரிக்கும் குலுக்கலில் வென்று முதல் தெரிவாக மத்தியூஸ். இதைவிட நல்ல அடித்தளம் எந்த அணிக்குக் கிடைத்தது? அதற்குப் பிறகு 2017 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் பிளேஓஃப் என்ற கிண்ணச் சுற்றுக்குப் போனோம். வென்ற தொடர்கள் இரண்டே இரண்டு: 2023-இல் டாம்பாவுக்கு எதிராக, 2025-இல் ஒட்டாவாவுக்கு எதிராக. மே மாதம் புளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டுத் தொடரைத் தோற்றோம். ஐந்தாவது ஆட்டமும் ஏழாவது ஆட்டமும் சொந்த அரங்கில், இரண்டுமே 6-1.

மத்தியூஸின் ஒப்பந்தம் 2028-இல் முடிகிறது. மார்னர் போன வழியில் அவரும் போனால் கையில் என்ன மிஞ்சும்? இப்போதே அவரைக் கொடுத்து, இளம் ஆட்டக்காரர்களையும் முதற்சுற்றுத் தெரிவுகளையும் வாங்கி, மறுபடி அடியிலிருந்து கட்டவேண்டும். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணம் (லீக்கின் வெற்றிக்கிண்ணம்) பார்க்காத அணி இது. இன்னும் மூன்று வருடம் வலித்தால் வலிக்கட்டும்.

நீலச்சட்டை

அண்ணை, உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்கள் 2026-இன் முதற்சுற்றுத் தெரிவு பிரண்டன் கார்லோவுக்காகப் பொஸ்டனிடம் போய்விட்டது. 2027-உடையது ஸ்கொட் லோட்டனுக்காகப் பிலடெல்பியாவிடம். 2025-உடையதைச் சிக்காகோ ஏற்கனவே எடுத்து முடித்துவிட்டது. நாங்கள் தோற்றுத் தோற்று அடிக்குப் போனால் அதன் பலனை வேறு ஊர்க்காரர் அனுபவிப்பார்கள். பொஸ்டனுக்காக நாங்கள் தோற்பதா?

இதே அணி 2024-25 சீசனில் 108 புள்ளி எடுத்துப் பிரிவில் முதலிடம் வந்தது. டவேரஸ் வருடத்துக்கு 11 மில்லியனிலிருந்து நாலரைக்கும் குறைவான சம்பளத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். லீக் வகுத்த சம்பள உச்சவரம்புக்குள் மார்னர் விட்டுப்போன இடமும் இருக்கிறது. இந்த நிலையில் கலைப்பது பைத்தியக்காரத்தனம்.

வோர்டன்_வடக்கு

தம்பி, நிபந்தனையை முழுதாகச் சொல்லுங்கள். 2026 தெரிவு முதல் ஐந்துக்குள் விழுந்தால் எங்களிடமே நிற்கும். 2027 தெரிவு முதல் பத்துக்குள் விழுந்தால் நிற்கும். ஆகவே செய்தால் முழுதாகச் செய்யவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நீலச்சட்டை

நைலாண்டரையும் நைஸையும் வைத்துக்கொண்டு கடைசி ஐந்துக்குள் எப்படி முடிப்பீர்கள்? அரைகுறையாகக் கலைத்தால் ஏழாவது எட்டாவது இடத்தில் போய் நிற்போம். அப்போது நல்ல ஆட்டக்காரர் ஒருவரைப் பொஸ்டனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த கதையாகும்.

எண்ணெய்_நகரம்

எட்மன்டனில் இருந்து எழுதுகிறேன். அடியிலிருந்து கட்டுவது என்றால் என்னவென்று எங்களிடம் கேளுங்கள். 2006 இறுதிப்போட்டிக்குப் பிறகு பத்து சீசன் பிளேஓஃப் இல்லை. 2010-இல் டெய்லர் ஹோல், 2011-இல் நியூஜென்ட்-ஹொப்கின்ஸ், 2012-இல் யாக்குபொவ் என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் தெரிவு எங்களுக்கு. மூன்று முதல் தெரிவு கிடைத்தும் அணி அடியிலேயே கிடந்தது. காரணம் சுற்றி ஆள் இல்லை. தடுப்பாட்டம் என்று ஒன்று இல்லை. பதினெட்டு வயதுப் பையன்களை நேரே பெரிய லீக்கில் இறக்கித் தினமும் தோற்கப் பழக்கினோம்.

பிறகு தடுப்பாட்டக்காரர் வேண்டும் என்ற அவசரத்தில் 2015-இல் 16-ஆம் தெரிவையும் 33-ஆம் தெரிவையும் கொடுத்துக் கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கினார்கள். அந்த 16-ஆம் தெரிவில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் எடுத்தது மாத்தியூ பார்சல். அடுத்த வருடம் ஹோலைக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கினோம். 2018-இல் ஹோல் நியூஜெர்சியில் சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறாது.

எங்களைக் காப்பாற்றியது 2015 குலுக்கல். 11.5 சதவீத வாய்ப்பில் முதல் தெரிவு கிடைத்து மெக்டேவிட் வந்தார். அந்த வருடம் கடைசி இடத்தில் முடித்தது பஃபலோ. அவர்களுக்குக் கிடைத்தவர் ஐக்கல். 2011-க்குப் பிறகு 2025 வரை அவர்கள் பிளேஓஃப் பக்கமே வரவில்லை, பதினான்கு சீசன். 2018-இல் டாலினும் 2021-இல் ஓவன் பவரும் முதல் தெரிவாக வந்தும் அதே நிலைதான். வோர்டன் அண்ணை, நீங்கள் கேட்கும் மூன்று வருடம் பதினான்காகவும் நீளலாம்.

வோர்டன்_வடக்கு

சரி, ஆனால் நீங்கள் 2024-இலும் 2025-இலும் இறுதிப்போட்டி ஆடினீர்களே. மெக்டேவிட், டிரைசைட்டில் இருவரும் டிராஃப்டில் மேலே எடுத்தவர்கள். தோற்றிராவிட்டால் அவர்கள் ஏது?

எண்ணெய்_நகரம்

அந்த இருவரை வைத்து மட்டும் இறுதிக்குப் போகவில்லை. 2023-24 சீசனில் 54 கோல் அடித்தவர் சாக் ஹைமன். 2021-இல் அவரைச் சம்பளக் கணக்குக்குள் அடக்க முடியாமல் விட்டது எந்த அணி என்று உங்களுக்கே தெரியும். எக்ஹோம் பரிமாற்றத்தில் வந்தார். பூஷார்ட் பத்தாம் தெரிவு. அவரை அவசரப்படுத்தாமல் வளர்த்தோம். முதல் தடவை செய்யாததை இரண்டாம் தடவை செய்தோம், அவ்வளவுதான்.

மொன்றியல்_சிவப்பு

கனடியன்ஸ் ரசிகை நான், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் முதல் ஐந்து தெரிவுகளைப் பற்றியே கதைக்கிறீர்கள். டிராஃப்டில் ஏழு சுற்று, 224 பெயர். அணி வளர்வதும் தேய்வதும் இரண்டாம் சுற்றுக்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

லேன் ஹட்சன் 62-ஆம் தெரிவு. உயரம் போதாது என்று எல்லோரும் தள்ளிவிட்ட பையன். பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடவிட்டோம். 2024-25 சீசனின் சிறந்த புதுமுகம் அவர்தான். டாம்பா கிண்ணம் வென்றபோது முன்னணியில் நின்ற குச்செரொவ் 58-ஆம் தெரிவு, பொயின்ட் 79. டெட்ரோயிட் தொடர்ந்து 25 வருடம் பிளேஓஃப் போனதில் பாதிக் கதை டட்சியுக், செட்டர்பெர்க் கதை. ஒருவர் 171, மற்றவர் 210.

உங்கள் அணியில் நைஸ் 57-ஆம் தெரிவு. அந்த 2021 டிராஃப்டில் ரொறன்ரோவிடம் இருந்தவை மொத்தம் மூன்றே தெரிவுகள்! மூன்றில் ஒன்று நைஸ் ஆனார். ஏழும் கையில் இருந்திருந்தால்? பரிமாற்றக் கெடு முடியும் ஒவ்வொரு மார்ச்சிலும் யாரோ ஒரு முப்பது வயதுக்காரருக்காக நீங்கள் விதைநெல்லை அவித்துத் தின்கிறீர்கள். அதை நிறுத்துவதற்கு மத்தியூஸை விற்கத் தேவையில்லை.

நீலச்சட்டை

அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஈஸ்டன் கவனை அவசரப்படுத்தாமல் லண்டன் நைட்ஸ் என்ற ஜூனியர் அணியில் விட்டார்கள். ஜூனியர்களின் மெமோரியல் கிண்ணம் வென்று, போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தார். அதே நேரத்தில் இன்னொரு இளம் ஆட்டக்காரர் மின்டனைப் பொஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஒரு கையால் வளர்த்து மறு கையால் விற்பது எனக்கும் விளங்கவில்லை. ஆனால் மார்ச்சில் முதலிடத்தில் நிற்கும் அணி ஒன்றும் வாங்காமல் இருந்தால் நாங்களே பொது மேலாளரைத் திட்டுவோம். 2025 மார்ச்சில் கார்லோ வந்தபோது இங்கே சந்தோஷப்படாதவர் யார்?

வோர்டன்_வடக்கு

நான் சந்தோஷப்படவில்லை. அன்றைக்கே இங்கே எழுதினேன்.

அக்கா, டெட்ரோயிட்டைச் சொன்னீர்களே, அங்கே 2019-இல் யைசர்மன் பொது மேலாளராக வந்து, தெரிவுகளைச் சேர்த்து, சைடரையும் ரேமண்டையும் எடுத்து, எல்லாம் முறையாகத்தானே செய்தார்? 2016-க்குப் பிறகு 2025 வரை பிளேஓஃப் இல்லை. அதனால் பின்சுற்றுப் பொறுமை மட்டும் போதாது. மேலே ஒரு பெரிய ஆள் வேண்டும். அந்தப் பெரிய ஆள் அநேகமாக முதல் மூன்றுக்குள்தான் கிடைப்பார்.

மொன்றியல்_சிவப்பு

டெட்ரோயிட் 2020-இல் படுதோல்வியோடு கடைசியில் முடித்தும் குலுக்கலில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. இப்போது விதி மாறி, கடைசி அணி மூன்றுக்குக் கீழே இறங்காது. ஆனால் கொலராடோவும் 2017-இல் 48 புள்ளியோடு கடைசியில் முடித்து அதேமாதிரி நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அவர்கள் அங்கே எடுத்தது கேல் மக்கார். 2022-இல் கிண்ணம். ஒரே நாலாம் இடம்தான். ஆளைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், எடுத்த பிறகு வளர்க்கவும் தெரியவேண்டும். குலுக்கலை நம்பி ஒரு நகரத்தையே தோற்கச் சொல்வது சரியில்லை.

பாலைவன_வீரன்

மார்னர் வந்து சேர்ந்த வேகஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 2017-இல் 500 மில்லியன் டொலர் கட்டிச் சேர்ந்த அணி. தெரிவில் வளர்த்த நட்சத்திரம் என்று ஒருவரும் இல்லை. முதல் சீசனிலேயே 109 புள்ளி, இறுதிப்போட்டி. ஆறாவது சீசனில் கிண்ணம். 2017-இல் முதற்சுற்றில் எடுத்த மூவரையும் பிறகு விற்றார்கள். அவர்களில் சுசுக்கி இன்று மொன்றியலின் தலைவர். பிரான்ஸ்ட்ரம் போனதால் மார்க் ஸ்டோன் வந்தார். பஃபலோ வைத்திருக்கத் தெரியாத ஐக்கல் வந்து 2023 பிளேஓஃபில் எல்லோரிலும் கூடிய புள்ளி எடுத்தார். கட்டுவதற்கு ஒரே வழி டிராஃப்ட் என்று யார் சொன்னது?

நீலச்சட்டை

வேகஸின் வெற்றிக்குப் பாதிக் காரணம் மற்ற அணிகளின் பயம். புது அணி மற்ற ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரை எடுக்கும்போது ஏழு முன்கள வீரர், மூன்று தடுப்பாட்டக்காரர், ஒரு கோல்காப்பாளர் (கோலி); இவ்வளவு பேரைத்தான் ஒரு அணி பாதுகாக்கலாம், இல்லாவிட்டால் எட்டு ஆட்டக்காரரும் ஒரு கோலியும். அந்தப் பயத்தில் புளோரிடா மார்ஷசோவை இழந்ததோடு ரைலி ஸ்மித்தையும் ஒரு நான்காம் சுற்றுத் தெரிவுக்குக் கொடுத்தது. அனஹைம், ஸ்டோனர் என்பவரின் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட ஷே தியோடரைக் கொடுத்தது. கொலம்பஸ், கிளார்க்சன் ஒப்பந்தத்தோடு முதற்சுற்றுத் தெரிவும் சேர்த்து அனுப்பியது. அதோடு போன வில்லியம் கார்ல்சன் அந்த சீசனில் 43 கோல் அடித்தார். 2021-இல் சியாட்டில் 650 மில்லியன் கட்டி அதே விதிகளோடு வந்தபோது மேலாளர்கள் பாடம் படித்திருந்தார்கள். சியாட்டிலின் முதல் சீசன் 60 புள்ளி.

இப்போது புது அணிகளுக்கு அட்லாண்டா, ஹூஸ்டன் என்று பேச்சு ஓடுகிறது. 32 அணி 34 ஆனால் நாங்கள் பொறுமையாக வளர்த்த ஆளில் ஒருவரை மறுபடி இழப்போம்.

மொன்றியல்_சிவப்பு

அட்லாண்டா இரண்டு தடவை அணியை இழந்த ஊர். 1980-இல் ஃபிளேம்ஸ் கல்கரிக்குப் போனது, 2011-இல் திராஷர்ஸ் வினிபெக்குக்குப் போனது. மூன்றாம் தடவை கொடுக்க லீக் யோசிக்கிறது. கியூபெக் நகரில் 18,000 பேர் கொள்ளும் அரங்கம் 2015-இலிருந்து காத்திருக்கிறது. அங்கிருந்த நோர்டிக்ஸ் அணி 1995-இல் கொலராடோவுக்குப் போய் அடுத்த வருடமே கிண்ணம் வென்றதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. மொன்றியல் ரசிகை நானே சொல்கிறேன், அந்தப் பகை எங்களுக்குத் திரும்ப வேண்டும்.

பாலைவன_வீரன்

ஊருக்கு ஊர் நியாயம் பார்த்து லீக் அணி கொடுப்பதில்லை, அக்கா. தொலைக்காட்சிச் சந்தையும் பெரிய பணக்கார முதலாளியும்தான் முடிவு செய்கிறார்கள். அரிசோனா கடைசியில் ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத பல்கலைக்கழக அரங்கில் ஆடியது. 2024-இல் யூட்டாவுக்குப் போய் நிமிர்ந்து நிற்கிறது. தெற்கே புளோரிடாவின் இரு அணிகளும் 2020 முதல் நான்கு கிண்ணம் எடுத்துவிட்டன. வெயில் ஊரில் ஹொக்கி நிற்காது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

எண்ணெய்_நகரம்

அணி கூடினால் ஆட்டக்காரருக்குப் பஞ்சம் வரும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இனி கனடிய ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. இருபது இருபத்தொரு வயதில் பக்குவமாக வருபவர்கள் கூடுவார்கள். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். புது அணி கட்டும் பணம் பழைய அணி முதலாளிகளுக்குள் பிரிகிறது. ஆட்டக்காரருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஆளை இழப்பது ரசிகர்களுடைய அணி, காசு முதலாளிக்கு.

நீலச்சட்டை

வோர்டன் அண்ணை, முதல் கேள்விக்கு வருகிறேன். மத்தியூஸின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் மாற்ற முடியாது என்ற சரத்து இருக்கிறது. மார்னரிடமும் இருந்தது. நீங்கள் விற்கத் தீர்மானித்தாலும் அவர் மாட்டேன் என்றால் கதை முடிந்தது.

வோர்டன்_வடக்கு

தெரியும். அதனால்தான் இப்போதே கேட்கவேண்டும் என்கிறேன். 2027 ஜூலை 1-இலிருந்து அவர் புதிய ஒப்பந்தம் போடலாம். அந்த நாள்வரை பார்த்திருந்துவிட்டுப் பிறகு விழித்தால் மறுபடி ஒரு நிக்கலா ருவாதான். சம்பள உச்சவரம்பு 2025-26-இல் 88 மில்லியனிலிருந்து 95.5-க்கு ஏறியது, 2026-27-இல் 104. எல்லா அணியும் தங்கள் நல்ல ஆட்களைத் தாங்களே பிடித்து வைத்துக்கொள்ளும். ஜூலை முதலாம் திகதி சந்தையில் வாங்க ஆள் இருக்காது. வளர்த்தவன்தான் வெல்வான். வளர்க்க எங்களிடம் என்ன இருக்கிறது?

நீலச்சட்டை

கவன் இருக்கிறார், டான்ஃபோர்ட் இருக்கிறார், நைஸ் ஆறு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மத்தியூஸை விற்பதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் 2028 முதற்சுற்றுத் தெரிவை இந்த மார்ச்சில் யாராவது தொட்டால் உங்களுக்கு முன்னால் நான் வந்து கத்துவேன்.

வோர்டன்_வடக்கு

அந்தத் தெரிவு மட்டும் போதாது தம்பி. இரண்டாம் சுற்றுத் தெரிவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.