கறிவேப்பிலைப் புழுவை மகள் வளர்க்கிறாள், மூன்று செத்துப் போயின, எங்கே பிழை விட்டோம்?

வளவுக்காரி (ஒட்டுசுட்டான்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு எட்டு வயது, தரம் 3. கார்த்திகை மழைக்குப் பிறகு கிணற்றடிக் கறிவேப்பிலை நன்றாகக் கொழுந்து விட்டிருந்தது. சொதிக்கு இலை பிடுங்கும்போது ஒரு இலையில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்க, நான் தட்டிவிடப் போனேன். பக்கத்தில் நின்றவள் "அம்மா தட்டாதேங்கோ, அது நடக்குது" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் புழு.

அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. தேடித் தேடி ஏழு புழு பிடித்து ஐஸ்கிறீம் பெட்டியில் விட்டு, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு வைத்தோம். பல் தீட்ட முதலே போய் எண்ணிப் பார்க்கிறாள். எச்சம் மாதிரி இருந்தது ஒரு நாள் தோலைக் கழற்றிவிட்டுப் பச்சையாக நின்றதும் "உடுப்பு மாத்திட்டார்" என்று வளவெல்லாம் ஓடினாள். இப்போது புழு மட்டும் இல்லை, தாழ்வாரத்து மண்ணில் குழியானை எத்தனை குழி தோண்டியிருக்கிறது, பூவரசு வேலியில் முசுறு எப்படி இலையைத் தைக்கிறது, மழை விட்ட மறுநாள் தம்பளப்பூச்சி எங்கே வந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் இத்தனை வருடம் இந்த வளவைக் கூட்டிப் பெருக்கியும் இதில் பாதியைக் கண்டதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் மரம் சின்னது. சமையலுக்கும் புழுவுக்கும் இலை காணாமல் போக, சந்தையில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கிக் கழுவிப் போட்டேன். அடுத்த நாள் காலை மூன்று புழு சுருண்டு, வாயால் பச்சைத் தண்ணீர் வந்து செத்துக் கிடந்தன. பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாவது அதற்கு முதலே கூடு கட்டியிருந்தது, அது மண்ணிறமாகி, ஒரு சின்ன ஓட்டை விழுந்து, அதற்குள்ளிருந்து வண்ணாத்திப்பூச்சி வராமல் பொடிப் பூச்சிகள் சாரை சாரையாக வந்தன. மிச்சம் மூன்று இருக்கின்றன, இப்போது எங்கள் மரத்து இலையை மட்டும் தின்கின்றன. அதில் ஒன்றுக்கு நேற்று முழுக்க வயிற்றோட்டம். பக்கத்து வீட்டு மாமி இது மயிர்க்கொட்டி, கொட்டினால் வீங்கும் என்கிறார், தொட்டால் சிவப்புக் கொம்பு ஒன்றை நீட்டுகிறது, அது விஷமா? அம்மம்மா மரத்தை மொட்டையாக்குகிறது என்று தூக்கி எறியச் சொல்கிறார். எனக்கு இந்த மூன்றையாவது அவள் பறக்க விடுவதைப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குளக்கட்டு (முத்தையன்கட்டு)

தங்கச்சி, சந்தை இலைதான் கொன்றது. நான் கத்தரி, வெண்டி, மிளகாய் செய்கிறவன், மருந்து அடித்தால் புழுவுக்கு என்ன நடக்கும் என்று தினமும் காண்கிறேன், நீங்கள் எழுதினது அப்படியே அதுதான். கழுவினால் எங்களுக்கு ஓரளவு குறையும், ஆனால் அந்த அளவு சின்ன உடம்புக்கு மிச்சம் இருக்கிற துளியே போதும். இனிமேல் யார் வளவு என்று தெரியாத இலை ஒன்றும் போட வேண்டாம். கறிவேப்பிலை இல்லாவிட்டால் தேசி இலை போடலாம், விளாத்திக் கொழுந்து போடலாம், காட்டோரம் நிற்கிற குருந்தும் அதே குடும்பம்தான். புழு சின்னதாக இருக்கும்போதே மாற்றுங்கள், பெரிதான பிறகு சிலது முரண்டு பிடிக்கும். எங்கள் வீட்டு விளாத்தியில் மருந்து பட்டதே இல்லை, இந்தப் பக்கம் வந்தால் வேண்டிய அளவு முறித்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. பிள்ளை பூச்சி தேடிப் பற்றைக்குள் போகப் பார்ப்பாள், விடாதீர்கள். பாம்பு ஒரு பக்கம். எங்கள் மண்ணில் மழை கழுவிவிட்டுச் சண்டைக் காலத்து வெடிக்காத குண்டு, பழைய இரும்பு மேலே வருவது இன்னும் இருக்கிறது. புழுவைத் தொடலாம், தெரியாத இரும்பைத் தொடக்கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுங்கள். வளவுக்குள்ளேயே அவளுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது.


வவுனியா ரீச்சர்

மகளைப் பற்றி வாசிக்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது, மூன்று செத்ததற்கு நீங்கள் உங்களை நோகாதீர்கள்.

அந்தச் சிவப்புக் கொம்பு விஷம் இல்லை. தலைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிற இரண்டாகக் கிளைத்த சதை அது, பயந்தால் வெளியே தள்ளும், புளித்த தோடம்பழம் மாதிரி ஒரு நாற்றம் வரும். எறும்பையும் சின்னச் சிலந்தியையும் துரத்தத்தான். மாமி சொல்கிற மயிர்க்கொட்டி வேறு. முருங்கை அடிமரத்தில் கம்பளி போர்த்தினது போலக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, பந்தம் கொளுத்திக் காட்டுவார்களே, அது அந்துப்பூச்சியின் பிள்ளை, அதன் மயிர் பட்டால் தோல் தடித்துக் கடிக்கும். நான் என் வகுப்பில் சொல்வது ஒன்றுதான்: மயிர் இருந்தால் கண்ணால் மட்டும் பார். இன்னொரு கவனம் எருக்கலை. அதில் கறுப்பு வெள்ளை மஞ்சள் வரி போட்ட அழகான புழு ஒன்று இருக்கும், கட்டாயம் கேட்பாள். புழு ஒன்றும் செய்யாது, ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையை நீங்களே பறித்துக் கொடுங்கள்.

வயிற்றோட்டம் நோய் இல்லை, நல்ல சேதி! கூடு கட்டப் போகிற புழு வயிற்றில் இருப்பதை எல்லாம் தண்ணீராக வெளியே தள்ளிவிட்டு, சாப்பாட்டை விட்டு, இடம் தேடி ஊர்ந்து திரியும். உடனே ஒரு காய்ந்த தடியைச் சாய்த்து வையுங்கள். வால் நுனியைப் பட்டு நூலால் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் போட்டு, மின்கம்பத்தில் ஏறினவர் பட்டியில் சாய்ந்து நிற்பது மாதிரி நிற்கும். ஏறக்குறைய ஒரு நாளில் கடைசித் தோலையும் கழற்றிவிடும், அந்த நேரம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருங்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பச்சை இலை நடுவே கட்டினால் கூடு பச்சையாக வரும், காய்ந்த தடியில் கட்டினால் பெரும்பாலும் மண்ணிறம். அதனால் மண்ணிறம் என்றவுடன் செத்தது என்று எறிய வேண்டாம்.

ஓட்டை விழுந்த கூட்டுக்கு வருகிறேன். வெளியே வந்தவை இலையான் இனம் இல்லை, குளவி இனம், நுளம்பை விடச் சிறியது. புழு கூடாக மாறி அதன் தோல் இன்னும் இறுகாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்து வந்து, உள்ளே முட்டையைக் குத்திவிட்டுப் போய்விடும். உள்ளே பொரித்தவை உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வருகின்றன. இதைப் பிள்ளைக்கு மறைக்க வேண்டாம், கெட்ட பூச்சி என்று சொல்லவும் வேண்டாம். தோட்டத்தில் இலை தின்கிற புழு பெருகாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட குளவிகளும் ஒரு காரணம். என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு "அப்ப அதுக்கும் பிள்ளையள் இருக்குத்தானே" என்றாள், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸ்கிறீம் பெட்டியை மாற்றுங்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதைவிட முக்கியம், வெளியே வருகிற வண்ணாத்திப்பூச்சியின் இறகு நனைத்துக் கசக்கிய துணி மாதிரிதான் இருக்கும், அது தொங்கினால்தான் விரியும். இடம் காணாவிட்டால் மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்காது. பழைய நுளம்பு வலையைச் சாப்பாட்டு மூடி போலத் தைத்து, உள்ளே தண்ணீர்ப் போத்தலில் கொப்பைக் குத்தி வையுங்கள், போத்தல் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கித் தண்ணீரில் விழும். எறும்பு வராமல் மேசைக் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்பீர்கள் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்து ஊற்றுங்கள், டெங்கு நுளம்பு முட்டையிடும்.

ஒரு கொப்பி கொடுங்கள். திகதி, படம், இன்று என்ன செய்தது, அவ்வளவு போதும். ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் 1647 இல் பிறந்த மரியா சிபில்லா மேரியன் 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்துப் பார்த்துப் படம் கீறத் தொடங்கினவர். பூச்சி சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று படித்தவர்களே நம்பின காலம் அது. 1699 இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போய் அங்கத்தைய புழுக்களையும் வண்ணாத்திப்பூச்சிகளையும் அவை தின்கிற செடியோடு சேர்த்து வரைந்தார். தாயும் மகளும் என்பதால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.


மாங்குளம் பெடியன்

ரீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டுமா அக்கா? நான் செய்வது வேறு. புழு இருக்கிற கொப்பைச் சுற்றி மரத்திலேயே வலையைக் கட்டி அடியை நூலால் முடிந்துவிடுவேன். இலை வாடாது, பூஞ்சணம் இல்லை, முசுறும் புலுனியும் உள்ளே வராது. வலைக்கண் நெருக்கமாக இருந்தால் அந்தச் சின்னக் குளவியும் தடைப்படும். முட்டையாக இருக்கும்போதே கட்டினால் இன்னும் நல்லது. கொழுந்தில் கடுகு அளவில் வெளிர் மஞ்சள் உருண்டை தனித்தனியாக இருக்கும், மூன்று நாலு நாளில் பொரிக்கும்.

அம்மம்மாவுக்கு ஒரு வழி: ஒரு கன்றை அவளுக்கென்றே வேலியோரம் வைத்து விடுங்கள். கறிவேப்பிலை வேரடியில் எத்தனையோ கன்று முளைக்கும். அது பிள்ளையின் மரம், அதில் யாரும் சமையலுக்குக் கை வைப்பதில்லை. பக்கத்தில் நித்திய கல்யாணி நட்டால் பெரியவை தேன் குடிக்கவும் வரும். மழை முடிந்து குளத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஈர மணலில் கூட்டமாக இருந்து உறிஞ்சுவதையும் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் இருக்கும், மண்ணில் உள்ள உப்புக்காக.


வளவுக்காரி (ஒட்டுசுட்டான்)

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. இரண்டு வந்துவிட்டன!

வயிற்றோட்டப் புழு அன்று மாலையே தடியில் ஏறி நின்றது. தோல் கழற்றியதை அவளும் நானும் அம்மம்மாவும் மூன்று பேரும் பார்த்தோம், அம்மம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தார். நேற்று விடிய கூடு கறுத்து, உள்ளே இறகு தெரிந்தது. ஆறரை மணிக்கு வெடித்து வந்தது. கறுப்பு, பின் இறகின் நடுவே வரிசையாக வெள்ளைப் புள்ளி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அசையவே இல்லை, தேத்தண்ணீர் ஆறிப்போனது. பிறகு விரலில் ஏறி இருந்துவிட்டு முருங்கைக்கு மேலால் போனது. அழுவாள் என்று பயந்தேன். கையைப் பார்த்து "அதின்ர கால் கூசுது" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஒரு பிரச்சினை. இன்று வந்த இரண்டாவது வேறு மாதிரி. கறுப்புத்தான், ஆனால் முன் இறகில் வெள்ளைப் பட்டை, பின் இறகு முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஒரே மரம், ஒரே மாதிரிப் புழு. அவள் "இது வேற அம்மான்ர பிள்ளை, மாறி வந்திட்டுது" என்கிறாள். மாமி வந்து இது நஞ்சுப் பூச்சி, குருவிகூடத் தின்னாது என்கிறார். இன்னும் வலைக்குள்தான் இருக்கிறது, என்ன செய்ய?


வவுனியா ரீச்சர்

உடம்பைப் பாருங்கள், இறகை அல்ல. உடம்பு சிவப்பா கறுப்பா?

மாமி சொல்கிற பூச்சி உண்மையிலேயே இருக்கிறது, கிரிம்சன் ரோஸ் என்பார்கள், மன்னார் முல்லைத்தீவுக் கரையோரம் நிறையக் காணலாம். அதன் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், ஒருமுறை வாயில் வைத்த குருவி மறுபடி கிட்டப் போகாது. அதன் உடம்பு நல்ல சிவப்பு. உங்களுடையது கொமன் மோர்மன் என்ற இனத்தின் பெண்ணாக இருக்க வேண்டும். நஞ்சே இல்லாதது, ஆனால் நஞ்சுள்ளதன் இறகை அப்படியே உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது, உடம்பு மட்டும் கறுப்பாகவே இருந்துவிடும். ஆண் ஒரே விதம், நேற்றுப் பார்த்த வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் ஆணைப் போன்றதும் உண்டு, ரோஸ் இனங்களைப் போன்றதும் உண்டு, ஒரே தாயின் பெண் பிள்ளைகளே வேறுவேறு விதமாக வரலாம். இந்த வேடத்தைத் தீர்மானிப்பது டபிள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று 2014 இல்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகள் கேட்டது ஆராய்ச்சியாளர்கள் கேட்ட அதே கேள்வி, அதை அவளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துவிட்டு வலையைத் திறந்து விடுங்கள்.


வளவுக்காரி (ஒட்டுசுட்டான்)

கறுப்பு. கறுப்பேதான். கொப்பியில் "உடம்பு கறுப்பு, நஞ்சு இல்லை, நடிக்கிறா" என்று எழுதி வைத்திருக்கிறாள். மாமியையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் திறந்து விட்டாள்.

மூன்றாவது கூடு இன்னும் பச்சையாகவே இருக்கிறது. கன்று ஒன்றை வேலியோரம் வைத்தாயிற்று. இன்று மத்தியானம் அம்மம்மா சொதிக்கு இலை பிடுங்க முதல் அவளைக் கூப்பிட்டு "பிள்ளை, இந்தக் கொப்பில ஏதும் இருக்கோ பார்" என்று கேட்டார்.