மறு: ஆசிரியப் பயிற்சிக் கலைச்சொல் – ‘கண்பழக்கம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘அப்ரண்டிஸ்ஷிப் ஆஃப் அப்சர்வேஷன்’ என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சென்னை ஐயா முன்மொழிந்த ‘உற்றுநோக்கல் தொழிற்பயிற்சி’யை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது முதலாண்டுப் பயிற்சி ஆசிரியர்களுக்கான தமிழ்க் கையேட்டில் இடம்பெறப் போகும் சொல், ஒருமுறை அச்சேறி நாலு பேர் இடுபணியில் எழுதத் தொடங்கிவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது.

இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கருத்தை மட்டும் சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல், ஒருவர் தாம் மாணவராக இருந்தபோதே ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்பித்தலைப் பழகிக்கொள்வதற்கு ‘அப்ரண்டிஸ்ஷிப் ஆஃப் அப்சர்வேஷன்’ என்று பெயர் வைத்தார். மருத்துவம் படிக்க வருபவர் அறுவைக்கூடத்தில் வளர்ந்தவர் இல்லை, சட்டம் படிக்க வருபவர் நீதிமன்றத்தில் வளர்ந்தவர் இல்லை. ஆசிரியராக வருபவரோ அந்தத் தொழில் நடக்கும் அறையிலேயே உட்கார்ந்து வளர்ந்தவர். அமெரிக்க மாணவர் ஒருவர் பள்ளியை முடிக்கும்போது ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களுடன் கழித்திருப்பார் என்பது லார்ட்டியின் கணக்கு. மலேசியாவில் நம் பிள்ளைகளுக்கு இது தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு. ஆனால் அத்தனை ஆண்டும் அவர்கள் பார்த்தது ஆசிரியரின் செயலை மட்டுமே. முதல் நாள் இரவு அவர் எந்தக் கணக்கை முதலில் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று யோசித்ததையும், பின்வரிசையில் இருக்கும் பிள்ளையிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதையும் யாரும் பார்த்ததில்லை. அதனால் கற்பித்தல் எளிது, நமக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் முதல் விரிவுரைக்கே வந்து உட்காருகிறார்கள்.

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். வெண்பலகையில் எழுதிவிட்டு, திரும்பி, “புரிஞ்சுதா?” என்பார்கள். வகுப்பே ஒரே குரலில் “புரிஞ்சுது டீச்சர்!” என்னும். உடனே அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். லகர ளகர ழகர வேறுபாடு என்றால் சொற்களைப் பத்து முறை எழுத வைப்பார்கள், நாக்கு எங்கே படுகிறது என்று காட்டமாட்டார்கள். பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகைக்கு ஒரு பாட்டைப் போடுவார்கள், பாட்டுக்கும் அன்று மாணவர் அடைய வேண்டிய கற்றல் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விழிப்பார்கள். இதையெல்லாம் எந்த ஆசிரியர் கல்விக் கழகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்காம் ஆண்டில் தாங்கள் உட்கார்ந்திருந்த வகுப்பை அப்படியே திருப்பி நடத்துகிறார்கள், நடத்துகிறோம் என்பதே தெரியாமல். பாடம் முடிந்தபின் எழுதும் சிந்தனை மீட்சியில் ‘மாணவர்கள் நோக்கத்தை அடைந்தனர்’ என்று எழுதிவிட்டும் போவார்கள்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் பலரும் ஆறாம் ஆண்டு முழுவதும் அந்தத் தேர்வின் மாதிரித் தாள்களோடு வளர்ந்தவர்கள். போய்க் கற்பிக்கப் போவதோ அந்தத் தேர்வே இல்லாத, ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்பறை மதிப்பீட்டை நம்பியிருக்கும் பள்ளிகளில். பார்த்துப் பழகிய வகுப்பு வேறு, நடத்த வேண்டிய வகுப்பு வேறு. இந்த இடைவெளியைப் பற்றி அவர்களிடம் முதல் பருவத்திலேயே பேசியாக வேண்டும், பேசுவதற்கு ஒரு சொல் வேண்டும். கல்வியியல் பாடங்களைப் பெரும்பாலும் மலாயில் படித்துவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேவை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘உற்றுநோக்கல்’ ஏன் ஆகாது? பள்ளிசார் அனுபவத்துக்காகப் பயிற்சி மாணவரைப் பள்ளிக்கு அனுப்பும்போது அவர் கையில் தாளோடு, எதைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்போடு செய்யும் பணிக்கே நாம் உற்றுநோக்கல் என்கிறோம். லார்ட்டி சொன்னது அதற்கு நேர் எதிரானது, குறிக்கோளே இல்லாமல் தானாகப் படிந்தது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் முதலாண்டு மாணவர் கட்டாயம் குழம்புவார். குழந்தை வளர்ச்சிப் பாடத்தில், பிறரைப் பார்த்துக் கற்பது பற்றிய உளவியலாளர் பண்டுராவின் கொள்கை வேறு வருகிறது, அங்கேயும் ‘உற்றுநோக்கிக் கற்றல்’ என்றுதான் எழுதுகிறோம். ‘தொழிற்பயிற்சி’ என்றாலோ இங்கே வயரிங், மெக்கானிக் படிப்புதான் நினைவுக்கு வரும்.

ஈப்போ நண்பரின் ‘முன்னறிவு’ எளிமையாக இருக்கிறது, ஆனால் நாள் பாடத்திட்டத்தில் மாணவர் முன்னறிவு என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், அதில் கைவைக்க வேண்டாம். இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘போலச்செய்தல்’ விளைவை மட்டும் காட்டுகிறது, அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவில்லை.

என் முன்மொழிவு: கண்பழக்கம்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில் சித்திரத்துக்குக் கைப்பழக்கம், செந்தமிழுக்கு நாப்பழக்கம், கல்விக்கு மனப்பழக்கம் என்று வரிசையாக வருகிறது. அந்த வார்ப்பிலேயே இதையும் செய்யலாம். கண்ணால் மட்டும் பழகியது, கையால் செய்து பழகாதது என்ற வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது, லார்ட்டியின் கருத்துக்கு உயிர்நாடியும் அதுதான். பழக்கம் என்பது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். எத்தனையோ பேர் தங்களுக்கு வாய்த்த ஒரு நல்ல ஆசிரியரைப் பார்த்துத்தானே இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள்? பயிற்சி மாணவரைக் குற்றம் சாட்டும் தொனி சொல்லில் இருக்கக் கூடாது என்று கோலாலம்பூரிலிருந்து எழுதிய அம்மா சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன், இந்தச் சொல்லில் அது இல்லை.

இலக்கணப்படி ‘கட்பழக்கம்’ என்று எழுத வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். மண் + குடம் மட்குடம் ஆவதுபோல் ஆகலாம்தான். ஆனால் கள் + பழக்கம் என்றாலும் அதே வடிவம்தான் வரும். தோட்டப்புறத்தில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்த சமூகத்துக்கு, அதுவும் ஆசிரியர் கையேட்டில், அந்தச் சொல்லைக் கொடுக்கவே கூடாது. இக்கால வழக்கில் கண்பார்வை, கண்காட்சி என்று இயல்பாகவே எழுதுகிறோம், எனவே கண்பழக்கம் என்றே இருக்கட்டும்.

‘பயிற்சி’ என்ற பொருள் விடுபடுகிறதே என்பது நியாயமான கேள்வி. முதல் முறை வரும் இடத்தில் ‘வகுப்பறைக் கண்பழக்கம்’ என்று விரித்து எழுதி விளக்கம் கொடுத்துவிட்டு, அதன்பின் சுருக்கிக்கொள்ளலாம். கையேட்டுக்கான விளக்க வரைவு இது:

‘கண்பழக்கம்: ஒருவர் தாம் மாணவராக இருந்த ஆண்டுகளில் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்து, கற்பித்தல் என்றால் இதுதான் எனத் தம்மையறியாமல் உருவாக்கிக்கொண்ட எண்ணமும் நடைமுறையும்.’

வாக்கியத்தில்: ‘உங்கள் கண்பழக்கத்தில் உள்ள ஓர் ஆசிரியரின் ஒரு பாடத்தை நினைவுகூர்ந்து, அவர் அதற்காகச் செய்திருக்கக்கூடிய, நீங்கள் பார்த்திராத ஆயத்தப் பணிகளை எழுதுக.’ முதல் வாரத்திலேயே கொடுக்கக்கூடிய இடுபணி இது, கல்விக் கழகங்களில் இருப்பவர்கள் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து, வேண்டாததை விட்டு வேண்டியதை வைத்துக்கொள்ளும் செயலுக்கு என்ன வினை வைப்பது? ‘களைதல்’ என்றால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதுபோல் ஆகிவிடுகிறது. ‘கண்பழக்கத்தைப் பிரித்தறிதல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.