கேபிள் கட்டிய எஃகுத் தூண்: களத்தில் கண்டவற்றைப் பகிருங்கள்

உயரமான கண்ணாடி முகப்பு ஒன்றுக்கு மெலிந்த குழாய்த் தூண்கள்தான் வேண்டும் என்றார் ஆர்க்கிடெக்ட். நீளம் இரட்டித்தால் ஆய்லர் சுமை (மெலிந்த தூண் பக்கவாட்டில் வளைந்துவிடும் சுமை) நாலில் ஒரு பங்காகிவிடும். அவர் கேட்ட விட்டத்தில் வெறும் குழாய் தாங்காது. அதனால் நடு உயரத்தில் நாலு பக்கமும் குறுக்குக் கைகள் வைத்து, உச்சியிலிருந்து கை முனைகள் வழியே அடிவரை கேபிள் இழுத்துக் கட்டினோம். பாய்மரத்தைக் கயிறுகள் பிடித்து நிறுத்துகிற அதே தத்துவம்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் டிசைனே இருக்கிறது. சுமை ஏற ஏறத் தூண் நீளத்தில் சுருங்கும், கேபிள் தளரும். குறைவாக இறுக்கினால் தூண் வளையும் முன்பே கேபிள் தொய்ந்துவிடும். அப்புறம் கட்டியும் பயனில்லை. அளவுக்கு மீறினால் அந்த இழுவிசையே தூணுக்குக் கூடுதல் அழுத்தச் சுமை. 1979இல் ஹாஃபெஸ், டெம்பிள், எல்லிஸ் என்ற ஆய்வாளர்கள் இதை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, உகந்த இழுவிசையைக் கணக்கிட வழி காட்டினார்கள். ஆனால் அது வளைவே இல்லாத தூணுக்கான கணக்கு. நிஜத் தூணில் தொடக்க வளைவு இருக்கும். வளையும்போது புடைத்த பக்கத்துக் கேபிள் மறுபடி இறுகும். சைட்டோ, வாடீ ஆய்வுகளின்படி, உச்சத் தாங்குதிறன் அந்த உகந்த அளவையும் தாண்டிய இழுவிசையில் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய தெளிவைத் தந்தது.

இன்னொன்று: கைகளை நீட்டினால் நடுப்பகுதி உறுதியாகும், தூண் எஸ் வடிவில் வளையத் தேடும். கணினி மாடலில் வில் வடிவம், எஸ் வடிவம் இரண்டு தொடக்க வளைவையும் கொடுத்துப் பாருங்கள். கேபிள் இழுவிசையை மட்டுமே தாங்கும் உறுப்பாக இருக்கட்டும்.

பதில் 1

நான் எரெக்‌ஷன் (தூணை நிறுத்தும் வேலை) பக்கம் சார். ஒரு டர்ன்பக்கிளை (கேபிளை இறுக்கும் திருகு இணைப்பு) மட்டும் முறுக்கினால் தூணின் நடுப்பகுதி எதிர்ப் பக்கமாக வில்லாக வளைவதைத் தூக்குநூலில் கண்கூடாகப் பார்க்கலாம். அதனால் எதிரெதிர் ஜோடியாக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக இறுக்குவோம். கடைசி ஜோடியை இறுக்கும்போது முதல் ஜோடி தளர்ந்திருக்கும், திரும்ப வர வேண்டும்.

இழுவிசையை அதிர்வெண்ணில் சோதிப்போம்: கேபிளைத் தட்டி, அதிர்வுமானியில் பார்ப்பது. அதிர்வெண் இரட்டித்தால் இழுவிசை நாலு மடங்கு. குட்டைக் கேபிளில் அதன் விறைப்பும் முனைப் பொருத்திகளும் கணக்கைக் கெடுக்கும். ஒரு கேபிளிலாவது லோட் செல் (விசையை நேரடியாக அளக்கும் கருவி) வைத்து ஒப்பிட்டே நம்புவேன்.

பதில் 2

வெப்பத்தை யாரும் சொல்லவில்லையே! வெயிலில் மெல்லிய கேபிள் சீக்கிரம் சூடாகும், தடித்த குழாய் மெதுவாக. 20 டிகிரி வித்தியாசம் வந்தால், மீள்தன்மைக் குணகம் (நீட்சிக்கு எதிரான விறைப்பு) 200 ஜிகாபாஸ்கல் உள்ள எஃகுக் கம்பியில் சுமார் 48 மெகாபாஸ்கல் வரை இழுவிசை இறங்கலாம். டிசைனில் இதைக் கழித்த பிறகு மிஞ்சும் இழுவிசையைத்தான் எடுத்துக்கொள்வேன். முறுக்குக் கேபிளுக்கு மீள்தன்மைக் குணகம் இன்னும் குறைவு. புதிதில் நிரந்தரமாகவும் கொஞ்சம் நீளும். முன்கூட்டியே இழுத்துப் பதப்படுத்தியதை வாங்குங்கள், இல்லாவிட்டால் திடக் கம்பிக்கே போய்விடுங்கள்.