88 கட்டை மடிப்பு பியானோ: 40,000 ரூபாய் கொடுப்பவர்கள் பணத்திமிர் பிடித்தவர்களா?

சுருதிப்பெட்டி:
மகளுக்கு விலை குறைந்த கீபோர்டு ஒன்றைப் பரிந்துரைக்குமாறு ஒரு தந்தை கேட்டிருந்தார். அதற்கு விடுதிவாசி என்னும் அன்பர் எழுதிய பதிலைப் படித்தேன். "12,000 ரூபாய்க்குள் 88 கட்டைகளுடன் மடிப்பு பியானோ கிடைக்கும்போது, 40,000 ரூபாய் கொடுத்து டிஜிட்டல் பியானோ வாங்குவது பணத்திமிர்" என்பது அவருடைய தீர்ப்பு. என்னிடம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தவணையில்தான் பியானோ வாங்கியிருக்கிறார்கள் என்பதால், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

அன்பர் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும். மடிப்பு பியானோ என்பது நடுவில் கீல் வைத்துப் பாதியாக மடிக்கும் மின்னணுக் கருவி. அதன் 88 கட்டைகளைச் (விரலால் அழுத்தும் விசைகளை) சரிபாதியாக மடித்தால் ஒரு பக்கத்துக்கு 44. இடக்கோடியிலிருந்து எண்ணினால் 44ஆவது கட்டை, பியானோவின் நடுவிலுள்ள சி (C) சுரத்துக்கு மேலே உள்ள ஈ (E). 45ஆவது கட்டை எஃப் (F). கீல் விழுவது இவ்விரண்டுக்கும் நடுவே. சி மேஜர் ஸ்கேலை (சி-யில் தொடங்கும் ஏழு சுர வரிசையை) வலக்கையால் வாசிக்கும் குழந்தை சி, டி, ஈ என மூன்று விரல்களைப் பயன்படுத்திவிட்டு, கட்டைவிரலை உள்ளே நுழைத்து எஃப்பைத் தொட வேண்டும். தொடக்கத்திலேயே கற்றுத்தரும் இந்த அசைவு, மிகச் சரியாக அந்தப் பிளவின் மீது நிகழ்கிறது. இதற்குப் பெயர் பியானோ என்றால் நான் வாசிப்பதற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

விடுதிவாசி:
ஐயாவின் கணக்கில் பிழையில்லை. கீல் ஈ-க்கும் எஃப்புக்கும் நடுவேதான் இருக்கிறது. ஆனால் அது என் விரலில் படவேயில்லை. கருப்புக் கட்டை குறுக்கிடாத இடமாகப் பார்த்து மடிக்க வேண்டும் என்பதால், ஈ–எஃப் அல்லது பி–சி ஆகிய இரண்டு இடங்களில் ஒன்றில்தான் கீலை வைக்க முடியும் என்பது அதைச் செய்தவர்களுக்கும் தெரியும்.

நான் கோவையில் நால்வர் தங்கும் அறையில் இருக்கிறேன். 88 முழு அளவுக் கட்டைகள் என்றாலே கட்டைகளின் வரிசை மட்டும் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் நீளம் வரும். அதை எங்கள் அறையில் வைக்க வேண்டுமென்றால் ஒருவர் வெளியேற வேண்டும். மடித்தால் அதில் பாதி. துணிகளோடு அலமாரிக்குள் போய்விடுகிறது, இரவு பதினொரு மணிக்கு ஹெட்போனில் வாசித்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன்கூட விழிப்பதில்லை. இப்படி வாசிப்பது பியானோ அல்ல என்று சொல்பவர், இக்கருவியை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்தாரா என்பதே என் ஐயம்.

சுருதிப்பெட்டி:
தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன், தம்பி. மாணவி ஒருத்தி தன் கருவியைப் பையிலிட்டு வகுப்புக்கு எடுத்து வந்தாள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விரித்து மேசையில் வைத்தபோது ஈ கட்டையைவிட எஃப் கட்டை ஒரு நூலளவு உயர்ந்து நின்றது. இடைவெளியில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தினேன், விழாமல் நின்றது. அவள் கட்டைவிரல் நுழையும் ஒவ்வொரு முறையும் நகம் அந்த விளிம்பில் இடித்து "டக்" என்று ஓசை வந்தது. உங்கள் விரலில் படவில்லை என்றால், நீங்கள் ஸ்கேல் வாசிப்பதில்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்க வேண்டும்.

பாளை கீபோர்டு:
இருவரும் வேண்டாத வம்பில் இறங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கிறவன். கேசியோ சி.டி.-எஸ்300 என்ற 61 கட்டைக் கருவியின் எடை 3.3 கிலோதான், டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவது) உண்டு, பிட்ச் பெண்ட் சக்கரம் (சுரத்தை வளைக்க உதவுவது) உண்டு, தூக்கிச் செல்லக் கைப்பிடி உண்டு, மின்சாரம் போனால் ஆறு பென்சில் பேட்டரிகளில் ஓடும். அதன் தம்பியான எஸ்200-இல் டச் ரெஸ்பான்ஸ் இல்லை என்பதைக் கவனித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். மடிப்பும் இல்லை, நாணயமும் தேவையில்லை.

விடுதிவாசி:
61 கட்டை என்பது ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி). பியானோவுக்கென்று எழுதப்பட்ட பாடங்கள் கொஞ்சம் வளர்ந்ததும் இடப்புறத்தில் கட்டை தீர்ந்துபோகும். அதற்குத்தான் 88 என்று சொன்னேன். மற்றபடி மடிப்பு என் விரலில் படவில்லை என்பதை மீண்டும் பதிவு செய்கிறேன்.

சிங்கைவாசி:
எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. விரல்களுக்கு இடம் பழகுவதற்கா, விசை பழகுவதற்கா, கணினியில் இசையமைப்பதற்கா? இசைக்கூடப் பியானோவின் கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கீழே இறங்கும். உள்ளே ஒரு சுத்தியல் நகர்வதன் கனம் விரலுக்குத் தெரியும். மடிப்புக் கருவியின் கட்டை அவ்வளவு ஆழம் போவதில்லை. விளம்பரத்தில் "செமி வெயிட்டட்" (அரைக்கனக் கட்டை) என்று அச்சிட்டிருந்தாலும் அடியில் இருப்பது சுருள்வில்தான். என்னைக் கேட்டால், கீலைவிட இதுதான் பெரிய குறை. கட்டை முழு அளவா என்று பார்ப்பதற்கும் எளிய வழி உண்டு: ஒரு ஆக்டேவின் ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து சுமார் 16.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இடமில்லாததால் நானும் மடிப்புக் கருவிதான் வைத்திருக்கிறேன். அதை நான் பியானோ என்று அழைப்பதில்லை.

சுருதிப்பெட்டி:
சிங்கைவாசி என் பக்கம் நிற்பதற்கு நன்றி. கீலே முதற்பெரும் குறை என்பதை அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சிங்கைவாசி:
நான் அதற்கு நேர்மாறாக அல்லவா எழுதினேன்?

விடுதிவாசி:
மடிக்கும் கருவி என்றாலே ஏளனம் செய்வோருக்கு ஒரு செய்தி. 1700ஆம் ஆண்டிலேயே பாரீசில் ழான் மாரியுஸ் என்பவர் மூன்று துண்டாக மடியும் ஹார்ப்சிகார்டை (பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியை) செய்து, அதற்கு அரச உரிமமும் பெற்றார். அரசர் ஏற்ற ஒன்றைச் சுருதிப்பெட்டி ஐயா ஏற்க மறுக்கிறார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தபோது சொன்னவற்றுக்கும் இப்போது ஐயா சொல்வதற்கும் குரலில் வேறுபாடு இல்லை. அந்தத் தடை 1971இல் தளர்ந்தது. ஐயாவும் ஒரு நாள் தளர்வார்.

சுருதிப்பெட்டி:
நல்ல எடுத்துக்காட்டைத்தான் பிடித்தீர்கள். ஹார்ப்சிகார்டு தந்தியைச் சுண்டும் கருவி. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி சுத்தியல் வைத்த கருவியைச் செய்தார். ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் இசைக்கருவிப் பட்டியலில் அது இடம்பெற்றதும் அதே 1700இல்தான். ஆக, ஒருவர் மடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் பியானோவைச் செய்துகொண்டிருந்தார். உங்கள் கருவி எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மலிவான மடிப்புக் கருவிகள் சிலவற்றில் டச் ரெஸ்பான்ஸே கிடையாது.

ஆர்மோனியத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். சென்ற முறை ஆர்மோனியச் சுருதி குறித்த விவாதத்தில் பாளை கீபோர்டும் நீங்களும் சேர்ந்துகொண்டு என்னை "அருங்காட்சியகக் காவலர்" என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

பாளை கீபோர்டு:
அப்படி எழுதியவன் நானல்லன். "பழைய இரும்புக்கடை" என்றுதான் எழுதினேன்; அதையும் கருவியைக் குறித்தே எழுதினேன்.

வீணை மாணவி:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். சரளி வரிசையை ஒரு கட்டைச் சுருதியில், அதாவது ஷட்ஜம் சி-யில், மாயாமாளவகௌளை ராகத்தில் வாசித்தால் காந்தாரம் ஈ-யிலும் மத்யமம் எஃப்பிலும் விழும்; ஐயா சொல்லும் இடம் அதுவேதான், எனக்கும் அது இடறியது. ஆனால் பெண்கள் பெரும்பாலும் பாடும் ஐந்து கட்டைக்கு மாற்றினால் ஷட்ஜம் ஜி ஆகிவிடும். அப்போது அந்த ராகத்தில் ஈ-யும் வராது, எஃப்பும் வராது. தைவதத்திலிருந்து நிஷாதத்துக்குப் போகையில் கை கீலைத் தாண்டிக் குதித்துவிடும். கீலை விடக் கமகம்தான் (சுரத்தை வளைத்து அசைப்பதுதான்) எனக்குக் கவலை. பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள மடிப்புக் கருவியை நான் இதுவரை கண்டதில்லை.

விடுதிவாசி:
பார்த்தீர்களா, ஐந்து கட்டையில் சிக்கலே இல்லை.

சுருதிப்பெட்டி:
கதவு சிறிதென்று தலையைச் சீவச் சொல்வது போலிருக்கிறது. குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கீலுக்கேற்பச் சுருதி வைப்பதை இன்றுதான் கேட்கிறேன். அம்மா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் இடறியதை நேர்மையாக எழுதினீர்கள். "என் விரலில் படவில்லை" என்று கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பவரைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்ட அப்பா:
இந்த விவாதத்துக்கு நான்தான் காரணம் என்று தெரிகிறது. மகளுக்கு ஒன்பது வயது; பள்ளியில் டிரினிட்டி (லண்டன் இசைக்கல்லூரி) கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். வாடகை வீடு, அடிக்கடி மாற வேண்டியிருக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேல் இயலாது. எதை வாங்கலாம்?

பாளை கீபோர்டு:
ஐயா, பியானோ தேர்வா, எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வா என்று பள்ளியில் கேளுங்கள். இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு. கீபோர்டு தேர்வென்றால் ஸ்டைல் (பின்னணி இசை), ரிதம், வெவ்வேறு கருவிகளின் ஒலிக்கு மாற்றும் வசதி எல்லாம் வேண்டும். மடிப்புக் கருவியில் அவை பெயரளவுக்குத்தான் இருக்கும்.

சிங்கைவாசி:
பியானோ தேர்வென்றால் எதை வாங்கினாலும் சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்த பின்னும் ஒலியை நீடிக்கச் செய்யும் மிதி) இணைக்க முடிகிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போனை நம்பாதீர்கள். கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதமாகக் காதுக்கு வரும், தாளம் கெடும். கம்பி ஹெட்போனே போதும்.

சுருதிப்பெட்டி:
தந்தையாருக்கு என் அறிவுரை சுருக்கமானது. பணம் சேரும்வரை காத்திருந்து, 88 கனமான கட்டைகள் உள்ள கருவியை வாங்குங்கள். கேசியோ சி.டி.பி.-எஸ்110 பத்தரைக் கிலோ, யமஹா பி-145 பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். வீடு மாறும்போது இருவர் தூக்கினால் ஆயிற்று. அதுவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுவரை ஆசிரியர் வீட்டுப் பியானோவில் பழகட்டும். ஈ-க்கும் எஃப்புக்கும் நடுவே தடுக்கி விழுந்து பழகிய கட்டைவிரலைத் திருத்துவது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

விடுதிவாசி:
ஆசிரியர் வீட்டுப் பியானோவில் பழகுவதற்கு ஆசிரியர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார் என்பதையும் ஐயா சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தினமும் அரை மணி நேரம் மடிப்புக் கருவியில் வாசிக்கும் குழந்தை, வாரத்துக்கு ஒரு முறை நல்ல பியானோவைத் தொடும் குழந்தையைவிட விரைவாக முன்னேறும். பணம் சேரும்வரை காத்திரு என்பது, எங்களைப் போன்றோரிடம் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் சொல். அதைத்தான் பணத்திமிர் என்று எழுதினேன். இப்போதும் அதிலிருந்து ஓர் எழுத்தையும் திரும்பப் பெறவில்லை. கீல் என் விரலில் படவில்லை.

சுருதிப்பெட்டி:
என் கட்டணத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு நான் இலவசமாகவே கற்பிக்கிறேன் என்பதை இங்கே பறைசாற்ற விரும்பவில்லை.

பாளை கீபோர்டு:
பறைசாற்றிவிட்டீர்கள்.

விடுதிவாசி:
இன்று இரவு என் கருவியை விரித்து, ஈ–எஃப் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். நாணயம் நிற்காது.

சுருதிப்பெட்டி:
பழைய ஒரு ரூபாயா, புதிய ஒரு ரூபாயா என்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டுக்கும் தடிமன் வேறு. கருவி வாங்கி எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் எழுதுங்கள். கீல் தளர்வதற்குக் காலம் வேண்டும். பெட்டியிலிருந்து அன்றே எடுத்ததைப் படம் பிடித்தால் அது சான்றாகாது. அடியில் பலகை இருக்க வேண்டும், மெத்தை கூடாது. ஸ்கேல் வாசிக்கும் காணொளியும் வேண்டும், ஒலியுடன்; "டக்" என்ற ஓசை கேட்கிறதா இல்லையா என்பதை நான் சொல்கிறேன்.

விடுதிவாசி:
எங்கள் அறையில் பலகையே இல்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

சுருதிப்பெட்டி:
எழுதவில்லை. அலமாரி இருக்கிறது என்றுதான் எழுதினீர்கள்.